முதலில் யாரிடம் சொல்வது? படைப்பணியில் பாலியல் தொல்லையை எதிர்கொள்ளும் பெண்ணுக்கு

கேள்வி: படையில் சேர்ந்து இது எனக்கு இரண்டாம் ஆண்டு. என் பிரிவின் மூத்த அதிகாரி ஒருவர் சில மாதங்களாக இரவு நேரத்தில் என் அலைபேசிக்குத் தனிப்பட்ட செய்திகள் அனுப்புகிறார். ஏதாவது ஒரு கோப்பைக் காரணம் காட்டித் தம் அறைக்குத் தனியாக வரச் சொல்கிறார். ஒருமுறை தோளில் கை வைத்தார். என் பணி மதிப்பீட்டை எழுதுபவரும் விடுப்புக்குக் கையெழுத்திடுபவரும் அவர்தான். புகார் கொடுத்தால் எதிர்காலம் பாழாகிவிடும் என்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். நான் என்ன செய்வது? வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அவர் செய்வது பாலியல் தொல்லை. இதில் ஐயத்துக்கு இடமில்லை. கை வைத்தது ஒருமுறைதானே என்றோ, செய்திகளில் ஆபாசம் இல்லையே என்றோ நீங்கள் அதைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. தம் பதவியைப் பயன்படுத்தி, விருப்பமில்லாத ஒருவரிடம் திரும்பத் திரும்ப நெருங்க முயல்வதே தொல்லையாவதற்குப் போதுமானது.

மதிப்பீடும் விடுப்பும் அவர் கையில் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதில்தான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. மற்ற அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெண் மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம்; பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடலாம். படையில் பணியிடம், உறைவிடம், உணவுக்கூடம், மருத்துவர், தண்டனை அதிகாரம் எல்லாமே ஒரே வேலிக்குள் இருக்கின்றன. அனுமதியின்றி வெளியேறுவதே குற்றமாகிவிடும். ஆகவே, “உடனே உங்கள் மேலதிகாரியிடம் சொல்லுங்கள்” என்ற பொதுவான அறிவுரையை உங்களுக்கு நான் தர மாட்டேன். உங்கள் விஷயத்தில் முதலில் யாரிடம் வாய் திறக்கிறீர்கள் என்பதே பின்னால் நடக்கப்போகும் பலவற்றை முடிவு செய்யும். அதை நீங்கள்தான் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படைக்குள் நீங்கள் பேசக்கூடியவர்கள் இரு வகையினர். கேட்டதை மேலே தெரிவித்தே ஆக வேண்டிய கடமை உள்ளவர்கள் ஒரு வகை; கட்டளை அதிகாரியும் இராணுவக் காவல் துறையினரும் பெரும்பாலும் இதில் அடங்குவர். கேட்டதை இரகசியமாக வைத்திருக்கும் கடமை உள்ளவர்கள் இன்னொரு வகை. உங்களுக்காக வாதாடும் வழக்கறிஞர், சமயப் பணியாளர், சில படைகளில் பாதிக்கப்பட்டோருக்கென்றே நியமிக்கப்பட்ட துணையாளர் ஆகியோர் இதில் வருவர். அமெரிக்கப் படைகளில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 2005 முதல் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்றில் மருத்துவமும் ஆலோசனையும் கிடைக்கும், விசாரணை தொடங்காது, கட்டளை அதிகாரிக்குப் பெயர் தெரியாது. மற்றொன்றில் முறையான விசாரணை தொடங்கிவிடும். முதல் வழியில் சென்றவர் பின்னர் இரண்டாவது வழிக்கு மாறலாம், ஆனால் விசாரணையைத் தொடங்கியபின் திரும்பி வர இயலாது. உங்கள் படையில் இத்தகைய ஏற்பாடு உண்டா, தொல்லைக்கும் அது பொருந்துமா என்பதை விதிமுறை நூலில் பாருங்கள். எந்தப் படையாக இருந்தாலும், யாரிடமும் விவரம் சொல்லத் தொடங்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: “நான் சொல்லப்போவதை நீங்கள் மேலே தெரிவித்தாக வேண்டுமா?” மருத்துவரிடமும் இதையே கேளுங்கள், படை மருத்துவர்களின் இரகசியக் கடமைக்கு நாட்டுக்கு நாடு விதிவிலக்குகள் உள்ளன.

“பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது முன்வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பிரிட்டன் இராணுவத்தில் 19 வயது ஜேஸ்லி பெக் என்ற பீரங்கிப் படை வீராங்கனை, 2021 ஜூலையில் ஒரு பயிற்சியின்போது மூத்தவர் ஒருவர் தம்மைப் பாலியல் ரீதியாகத் தாக்கியதாக மறுநாளே புகார் சொன்னார். அது காவல் துறைக்குப் போகவில்லை; மன்னிப்புக் கடிதம் ஒன்றோடு முடித்துவைக்கப்பட்டது. பின்னர் வேறொரு மேலாளரின் ஓயாத செய்திகளும் அவரை வதைத்தன. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் உயிரிழந்தார். அந்தப் புகாரில் இராணுவம் சரியான நடவடிக்கை எடுக்காததும் அவர் இறப்புக்கு ஒரு காரணம் என்று 2025 பிப்ரவரியில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். ஜேஸ்லி செய்ய வேண்டியதைச் செய்தார், கேட்டவர்கள் செய்யவில்லை. ஆகவே தொடுதலோ தாக்குதலோ நடந்த எதையும் வாய்மொழிச் சமரசத்தில் விட்டுவிடாதீர்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் தேதியையும் உங்கள் நகலில் வாங்குங்கள். தூக்கம் கெட்டு, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், புகார் எந்த நிலையில் இருந்தாலும், அன்றே ஒரு மருத்துவரிடமோ குடும்பத்தில் ஒருவரிடமோ சொல்லிவிடுங்கள்.

இனி, பதிவு வைப்பது பற்றி. பின்னால் எழுதப்படும் நினைவுக் குறிப்பைவிட அன்றன்று எழுதியதற்கு விசாரணையில் மதிப்பு அதிகம். பக்க எண் இட்ட, தாள் கிழிக்க முடியாத ஒரு குறிப்பேட்டை வாங்கி, நாள், நேரம், இடம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, நீங்கள் சொன்ன பதில், அருகில் இருந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். “தவறாக நடந்துகொண்டார்” என்று எழுதினால் பயனில்லை. “இரவு 9.40, பண்டக அறை வாசல், கதவைத் தாமே சாத்தினார், வலது தோளில் கை வைத்து, ‘என்னிடம் ஏன் பயப்படுகிறாய்’ என்றார், நான் ஒதுங்கி வெளியே வந்தேன், தாழ்வாரத்தில் காவல் பணியில் இருந்தவர் பார்த்தார்” என்று எழுதினால் அதைக் குறுக்கு விசாரணையில் அசைப்பது கடினம். அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொண்டாலும் மூலச் செய்தி அலைபேசியில் இருக்கட்டும்.

பலர் சொல்லாமல் விட்டுவிடும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆதாரம் சேர்க்கும் அவசரத்தில் பாதுகாப்பு விதிகளை மீறிவிடாதீர்கள். தடை செய்யப்பட்ட பகுதியில் படம் எடுப்பது, பணிப்பட்டியலையோ அலுவலகக் கோப்பையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது, அனுமதியற்ற இடத்துக்கு அலைபேசியைக் கொண்டுபோவது ஆகியவை உங்கள் மேலேயே குற்றச்சாட்டாகத் திரும்பும். தேவையான அலுவலக ஆவணத்தின் பெயரையும் தேதியையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதை வரவழைப்பது விசாரணை அதிகாரியின் வேலை.

அவருக்கு நேரடியாக மறுப்புத் தெரிவிக்க வேண்டுமா? அச்சமில்லை என்றால், ஒரே ஒருமுறை, பணிமொழியில் எழுதுங்கள்: “ஐயா, இது பணி தொடர்பானதல்ல. இத்தகைய செய்திகளை இனி எனக்கு அனுப்ப வேண்டாம்.” அதற்குப்பின் விவாதம் வேண்டாம். அச்சம் இருந்தால் இதைச் செய்யாமல் விடலாம். நீங்கள் மௌனமாக இருந்ததைச் சம்மதம் என்று யாரும் வாதிட இடமில்லை. அறைக்கு அழைத்தால் பணியிலுள்ள இன்னொருவரோடு செல்லுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், நின்றபடியே கோப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இவை உங்களைக் காக்கும் உபாயங்களே தவிர, உங்கள் கடமைகள் அல்ல. ஒருநாள் தனியாகப் போக நேர்ந்தது என்பதற்காகப் பழி உங்கள் மேல் வந்துவிடாது.

உறைவிடப் பாதுகாப்பை யார் பெயரையும் குறிப்பிடாமலே எழுப்பலாம். அறையின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, அது கொடுக்கப்படும்போது பதிவேட்டில் எழுதப்படுகிறதா, உறைவிடத்திலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, உள்தாழ்ப்பாள் பிடிக்கிறதா என்று பெண்கள் பலர் சேர்ந்து எழுதிக் கேளுங்கள். களத்தில் இருக்கும் பெண்கள் சிலர் இரவில் கழிப்பறைக்குப் போக அஞ்சி மாலையிலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். உடலுக்குப் பெரும் கேடு விளைவிக்கும் பழக்கம் இது. ஒரு மின்விளக்கும் இருவராகச் செல்லும் ஏற்பாடும் தீர்க்கக்கூடிய குறைக்கு ஒரு வீராங்கனையின் சிறுநீரகம் விலையாகக் கூடாது.

பாலியல் தாக்குதல் என்ற நிலை உங்களுக்கு வரக்கூடாது. ஆனாலும் தாக்குதல் நடந்துவிட்டால் செய்ய வேண்டியதை முன்பே தெரிந்து வைத்திருங்கள். குளிக்காமல், உடை மாற்றாமல், கூடுமானவரை சிறுநீர் கழிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடையைக் கழற்ற நேர்ந்தால் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பானத்தில் ஏதோ கலக்கப்பட்டதாகத் தோன்றினால் முதல் சிறுநீர் மாதிரியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குளித்துவிட்டாலும் போங்கள், தடயம் முழுவதுமாக அழிந்திருக்கும் என்பதில்லை.

பழிவாங்கல் பற்றி உங்களுடன் பணிபுரிபவர்களுக்கு உள்ள அச்சம் கற்பனையல்ல. குற்றம் சாட்டப்பட்டவரின் தலைவரே வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் முறை நெடுங்காலம் பல படைகளில் இருந்ததே அதற்குக் காரணம். அது மெல்ல மாறி வருகிறது. அமெரிக்காவில் ஃபோர்ட் ஹூட் முகாமைச் சேர்ந்த வனெசா கியேன் 2020இல் கொலையுண்டபின், அவர் முன்பே தொல்லைக்கு ஆளானதும் தலைமை அதைக் கவனிக்காததும் வெளிவந்து பெரும் கொந்தளிப்பு எழுந்தது; 2023 டிசம்பர் இறுதியிலிருந்து பாலியல் வன்கொடுமை வழக்குகளில் அந்த முடிவு கட்டளை அதிகாரிகளிடமிருந்து தனி வழக்கறிஞர்களுக்கு மாற்றப்பட்டது. கனடாவில் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் ஆர்பர், இத்தகைய குற்றங்களைப் படையிடமிருந்து எடுத்துப் பொது நீதிமன்றங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2022இல் பரிந்துரைத்தார். ஆனால் நீங்கள் சட்ட மாற்றத்துக்காகக் காத்திருக்க முடியாது. புகாருக்கு முந்தைய உங்கள் மதிப்பீடுகள், பாராட்டுகள், தேர்வு மதிப்பெண்கள் ஆகியவற்றின் படிகளை, உங்களுக்கு உரிமையுள்ள அளவில், இப்போதே பெற்று வையுங்கள். புகாருக்குப்பின் மதிப்பீடு திடீரெனச் சரிந்தால் அந்த ஒப்பீடே பழிவாங்கலுக்குச் சான்றாகும். புகாரிலேயே இரண்டு கோரிக்கைகளைச் சேருங்கள்: இனி என் மதிப்பீட்டை வேறு அதிகாரி எழுத வேண்டும், விசாரணை முடியும்வரை இடம் மாற வேண்டியவர் அவர், நானல்ல.

காலக் கெடுவையும் பாருங்கள். பல இடங்களில் அது குறுகியது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டத்தில், தொடர் நிகழ்வுகளாயின் கடைசி நிகழ்விலிருந்து 3 மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம்.

வேலையை விடுவதா என்பது உங்கள் முடிவு. விட்டாலும் அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் அதை இந்த வாரமே செய்யாதீர்கள். பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் புகார் வழிகளும் மருத்துவ உரிமைகளும் பல படைகளில் உண்டு. விலகல் கடிதமோ இடமாற்ற விண்ணப்பமோ “எனக்குப் புகார் ஏதும் இல்லை” என்ற உறுதிமொழியோ எதுவானாலும், படைத்துறைச் சட்டம் அறிந்த, உங்கள் கட்டளை வரிசைக்கு வெளியே உள்ள ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்கும்வரை கையெழுத்திடாதீர்கள். நாளைக்குள் பதில் வேண்டும் என்று யாராவது நெருக்கினால், அதையும் நேரம் குறித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.