மாடல் ரயில் வாங்குகிறீர்களா? முதலில் சக்கரத்தைப் பாருங்கள்

கேள்வி: எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, 1:87) ஆறு அச்சு அமெரிக்க டீசல் எஞ்சின் வாங்க ஆசை. கைப்பிடிக் கம்பி, ஏணி, பிரேக் குழாய் எல்லாம் தனித்தனியாகப் பொருத்திய மாடலுக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் வளைவைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறோம். ரயில் செட்டோடு வருகிற வழக்கமான வளைவின் ஆரம் 18 அங்குலம். நிஜ அளவில் அது வெறும் 40 மீட்டர். எந்த மெயின் லைனிலும் அப்படியொரு வளைவு கிடையாது. ஆறு அச்சு எஞ்சின் அதில் திரும்பும்போது சக்கரத் தொகுதி பக்கவாட்டில் விலகி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அதே பிரேக் குழாயிலும் படிக்கட்டிலும் இடிக்கும். சில நுண்பாகங்களைத் தனிப் பையில் போட்டுத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். 4-க்கு 8 அடி பிளைவுட் பலகையில் 22 அங்குல ஆரத்துக்கு மேல் போக முடியாது. அந்த இடத்துக்கு நான்கு அச்சு எஞ்சினே போதும். 85 அடி பயணிகள் பெட்டி இந்த அளவில் ஏறக்குறைய 30 செ.மீ. நீளம், 30 அங்குல ஆரத்துக்குக் குறைந்தால் பார்க்கச் சகிக்காது.

கேள்வி: புது எஞ்சின், டி.சி.சி. (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை), ஒலியும் உண்டு. பாயின்ட் (தடம் பிரியும் இடம்) மேல் போனதும் அணைந்து, ஸ்டார்ட் ஆகும் சத்தத்தோடு மறுபடி எழுகிறது. திருப்பிக் கொடுக்கவா?

பதில்: அவசரம் வேண்டாம். உடம்பு எவ்வளவு அச்சு அசலாக வந்துவிட்டாலும், மின்சாரம் வருவது சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் அந்தப் பொட்டளவு இடத்தில்தான். வெறும் மோட்டார் என்றால் அதோடு சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீல் வேகத்தில் உருண்டு கடந்துவிடும். கட்டளையைப் படிக்கும் டிகோடரோ எஞ்சினுக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்; கண்ணிமைக்கும் நேரம் கரண்ட் விட்டுப்போனாலும் முதலிலிருந்து தொடங்கும்.

முதலில் சுத்தம். தண்டவாளத்தின் குறுக்கே டிஷ்யூ பேப்பர் விரித்து, மினரல் ஸ்பிரிட் இரண்டு சொட்டு விட்டு (ஜன்னல் திறந்திருக்கட்டும்), ஒரு சக்கரத் தொகுதியை அதன்மேல் வைத்து எஞ்சினைக் கையால் பிடித்தபடி சுழல விடுங்கள். கறுப்புக் கோடு விழும். கோடு நிற்கும்வரை பேப்பரை நகர்த்துங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், கீறலில்தான் அழுக்கு சேரும்.

அடுத்தது சக்கரச் சோதனை. ஒரு பக்கத்தில் ஒரே சக்கரத்தை மட்டும் விட்டு, அந்தப் பக்கத்து மற்றவற்றின் அடியில் மெல்லிய காகிதத் துண்டு செருகுங்கள். விளக்கு எரிந்தால் அந்தச் சக்கரம் நலம். இப்படி ஒவ்வொன்றாக. ஒன்றாவது செத்திருந்தால் அப்போது கடைக்குப் போங்கள். அதற்குமுன் கூட்டைத் திறக்காதீர்கள், வாரண்டி தகராறு வரும்.

எல்லாச் சக்கரமும் சரியா? அப்படியானால் குற்றம் பாயின்டில். தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் ஃப்ராக் பிளாஸ்டிக்காகவோ, கரண்ட் தராத உலோகமாகவோ இருக்கும். உலோகம் என்றால், பாயின்ட் மாறும்போது துருவமும் மாறும்படி சுவிட்ச் வைத்து இணைக்கலாம். பிளாஸ்டிக் என்றால் டிகோடரில் 'கீப் அலைவ்' கெபாசிட்டர் (கரண்ட் விட்டுப்போகும் கணத்தில் மின்சாரம் தருவது) சேர்ப்பதே வழி. உங்கள் டிகோடரில் அதற்கு இணைப்பு உண்டா என்று பாருங்கள். துருவம் மாறிப் பொருத்தினால் கெபாசிட்டர் போய்விடும்.

கேள்வி: மெலிந்த 'கோட் 88' (0.088 அங்குல அகல) சக்கரத்துக்கு மாறலாமா?

பதில்: சாதாரணச் சக்கரம் 2.8 மி.மீ. அகலம், இது 2.2. நிஜத்தைச் சுருக்கினால் சுமார் 1.6 வரவேண்டும். பின்னாலிருந்து பார்க்க அழகு. ஆனால் ஃப்ராக் இடைவெளி அகலமான பழைய பாயின்டில் 'டொக்' என்று இறங்கி ஏறும். இந்திய ரயில்களை எச்.ஓ.வின் 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் ஓட்டுபவர்கள் இந்தக் கவலையே படவேண்டாம்: 1676 மி.மீ. அகலப்பாதை 19.3 ஆக வேண்டிய இடத்தில், சக்கர அகலத்துக்கு மல்லுக்கட்டி என்ன பயன்!

கேள்வி: முன்பதிவு செய்தால்தான் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: பெரும்பாலும் உண்மை. ஆர்டரை எண்ணி ஒரே தொகுதியாகச் செய்கிறார்கள். அடுத்த தொகுதிக்கு வருடங்கள் ஆகலாம். முன்பணம் இல்லாமலோ சிறு தொகையிலோ பதியுங்கள், முழுப் பணம் வேண்டாம். கூடவே அச்சுப் பல்சக்கரம் ஒரு செட் வாங்கி வையுங்கள். அச்சில் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் பல்சக்கரம் நாளாவட்டத்தில் விரிசல் விடுவதுண்டு. விரிசலில் பல் இடைவெளி அகன்று, சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டக்' என்று குலுங்கும். பழைய எஞ்சின் வாங்கும்போதும் மெதுவாக ஓட்டி இந்தச் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.