வயலைப் பூட்டி வைப்பது யாருக்காக? வலென்சியாவில் நான் மடை திறந்த கதை

"வீடில்லாமல் இத்தனை பேர் தவிக்கும்போது, ஐரோப்பிய நகரங்களின் ஓரத்தில் பழைய வயல்களைச் சட்டம் போட்டுப் பூட்டி வைப்பது சுற்றுலாக்காரர்களுக்குப் படம் காட்டத்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை கையைக் கடிக்கும் ஊரில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்பெயினின் வலென்சியாவுக்கு ஆய்வு வேலைக்குப் போன புதிதில் நானும் இதையேதான் சொன்னேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேளாண்மை படித்தவன் இல்லை. "வெளிநாடு போனதும் அந்த ஊர்ப் புகழ் பாடுகிறான்" என்று கிளம்புகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டலாம்.

நான் இருந்த பெனிமாக்லெத் பகுதி வலென்சியா நகரத்தின் விளிம்பு. அடுக்குமாடிகள் முடிந்த இடத்தில் வயல் தொடங்கிவிடும். 'ஓர்த்தா' என்கிறார்கள். அரபியர் காலத்து வாய்க்கால்கள் இன்றும் ஓடுகின்றன. ஒருவர் மாற்றி ஒருவர் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு அங்கே 'தாந்தா' என்று பெயர். 2018இல் இந்த வயல்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2019இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் உலக வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்குப் பேராலயத்தின் திருத்தூதர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். கறுப்பு அங்கி போட்ட விவசாயிகள்தான் நீதிபதிகள். 960ஆம் ஆண்டு தொடங்கியது என்பது அவர்கள் கணக்கு. 1960இல் ஆயிரமாண்டு விழாவே எடுத்தார்கள். முதல் முறை பார்க்கப் போனேன். வாய்க்கால்களின் பெயரை வரிசையாகக் கூப்பிட்டார்கள், வழக்கு ஏதும் வரவில்லை, சில நிமிடங்களில் எழுந்து போய்விட்டார்கள். சுற்றிலும் கேமராக்கள். நாடகம்தான் என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவு ஒரு செப்டம்பர் மாலையில் கெட்டது. ரஸ்கான்யா வாய்க்கால் பக்கம் நடக்கப் போகும்போது பழக்கமான ஒரு பெரியவர் சுஃபா பயிரிட்டிருந்தார். சுஃபா வேறொன்றும் இல்லை, நம் ஊரில் களையென்று பிடுங்கி வரப்பில் எறிகிறோமே கோரை, அதன் நெருங்கிய சொந்தம். அதன் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரை போட்டுக் குளிரவைத்து 'ஓர்ச்சாத்தா' என்று குடிக்கிறார்கள். அன்று அவருடைய முறை. மடைப்பலகையை என்னைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். தண்ணீர் மேட்டுப் பார்களுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு போனதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே இருந்துவிட்டேன். மூடச் சொன்ன நேரத்தில் மூடவில்லை. வரப்பு உடைந்து, பக்கத்து வயலில் புதிதாக நட்ட லெட்டூஸ் நாற்று ஒரு மூலையே மிதந்தது.

அந்த வயல்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியவரிடம் ஒரே வார்த்தை: "வியாழக்கிழமை!" அவ்வளவுதான், பெரியவர் முகம் சுண்டிவிட்டது. அந்த நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது. வாய்க்கால்களுக்குத் தண்ணீர் தரும் துரியா ஆற்றின் ஒரு கரைக்காரர் மீது புகார் என்றால் எதிர்க்கரைக்காரர்தான் தீர்ப்புச் சொல்வார், சொந்த பந்தம் செல்லாது. இருட்டுவதற்குள் வரப்பில் நின்றே பேசி முடித்தார்கள். நாற்றுக்குப் பணம் கைமாறியது. பாதியை நான் கொடுத்தேன், அதுவும் வற்புறுத்தித்தான். வாசலில் ஏன் வழக்கு வருவதில்லை என்று அன்று புரிந்தது.

(என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த ஓர் ஆணித் துளையைக் காட்டி இரண்டு மாத முன்பணத்தைத் தரமாட்டேன் என்றார். அதற்கு எந்த வாசலில் போய் நிற்பது? இன்றுவரை வரவில்லை. போகட்டும்.)

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்காகத்தான் வயலை அழிக்கிறார்கள் என்று நம்பாதீர்கள். 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றைத் தெற்கே திருப்பியபோது புதிய ஆற்றுப்படுகை வயல்களைக் கிழித்துக்கொண்டு போனது. லா பூன்டாவில் துறைமுகச் சரக்கு வளாகத்துக்காகக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அந்த நிலம் எத்தனையோ வருடம் சும்மா கிடந்தது.

ஆனால் சட்டம் போதுமா என்றால், போதாது. கட்டடம் எழும்பாமல் அது தடுக்கும், மண்வெட்டி பிடிக்க ஆள் தராது. பெரியவரின் மகன் மாட்ரிட்டில் வங்கி வேலையில் இருக்கிறான். "எனக்குப் பிறகு இந்த மடையை யார் திறப்பார்? நீயா?" என்று கேட்டுவிட்டு, நாற்று ஞாபகம் வந்து சிரித்தார். அவரை வயலில் நிறுத்தி வைத்திருந்தது சுஃபாவுக்குக் கிடைத்த விலை. அந்தப் பெயருக்கு நம் புவிசார் குறியீடு போல ஒரு காப்பு உண்டு. பக்கத்து லெட்டூஸ்காரருக்கு அது இல்லை. விளைச்சலுக்கு விலை இல்லாத இடத்தில் வயலை மட்டும் காப்பாற்றினால் நீங்கள் சொல்லும் படம்தான் மிஞ்சும். அந்த அளவில் உங்கள் கட்சிதான் நான்.

ஊருக்குத் திரும்பும்போது பெரியவர் ஒரு பை காய்ந்த சுஃபா கொடுத்தார். அம்மாவிடம் காட்டினேன். இரண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "கோரைக்கிழங்கு மாதிரி இருக்கிறதே, இதையா காசு கொடுத்து விதைக்கிறார்கள்?" என்றார். பால் எடுத்துக் கொடுத்ததும் குடித்துவிட்டு, பாதாம் பால் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். மிச்சக் கிழங்கைக் கொல்லைப் பக்கமே கொண்டுபோகவிடாமல் அடுப்பில் போட்டுவிட்டார்.