வண்டிச் சத்தத்துக்கு ஓடிப் போய் கேட்டைத் திறக்கும் மகள்

கேள்வி: என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். 12ஆம் வகுப்புப் பையன் ஒருவனோடு பழக்கம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. வேறொரு பையனிடம் நோட்டு வாங்கினாள் என்று பஸ் ஸ்டாப்பில் வைத்து அவளைக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். இவள் அவனிடமே ஸாரி சொன்னாளாம், கூட இருந்த பிள்ளை சொன்னாள். இப்போது தலைமையாசிரியை, 9ஆம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மாதம் ஒரு வகுப்பு வைத்து காதல், கோபம், வீட்டில் நடக்கும் அடிதடி எல்லாம் பேசப் போகிறாராம். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். வீட்டு விஷயத்தைப் பள்ளியில் எதற்குப் பேச வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்க்கிறார்கள். நானும் எதிர்க்கலாமா? டி.சி. வாங்கி மகளைப் பெண்கள் பள்ளியில் சேர்த்துவிடலாமா? அவள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, தெரிந்தால் கொன்றுவிடுவார். மற்றபடி பொறுப்பான பெண். அப்பா வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே ஓடிப் போய் கேட்டைத் திறந்து வைத்துவிடுவாள்.
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: டி.சி., தலைமையாசிரியை எல்லாம் அப்புறம். முதலில் அந்த கேட்டைப் பற்றிப் பேசுவோம்.

மகள் எவ்வளவு பொறுப்பானவள் என்று காட்டத்தான் கடைசி வரியில் அதை எழுதினீர்கள். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பா மேல் பாசம் உள்ள பிள்ளை அவர் உள்ளே வந்ததும் ஓடி வரும். தெருமுனையில் சத்தம் கேட்கும்போதே ஓடுகிற பிள்ளை வேறு எதற்கோ ஓடுகிறது. கேட் திறக்கத் தாமதமான ஒரு நாள் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? யார் மேல் கை விழுந்தது? நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கிறேன், எனக்குப் பதில் எழுத வேண்டாம், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். பல வருடமாக இப்படிப்பட்ட கடிதங்களைப் படிக்கிறேன் அம்மா. ஒரு வீட்டில் கேட், இன்னொரு வீட்டில் சாப்பாட்டுத் தட்டு, டிவி ரிமோட், செருப்பு விடும் இடம், ஏதாவது ஒன்று இருக்கும். எல்லோருமே அதைப் 'பொறுப்பு' என்றுதான் எழுதுகிறார்கள்.

ஒரு ஆணின் கோபத்தை வண்டிச் சத்தத்திலேயே எடை போடப் பழகின பெண் அவள். அறைந்தவனிடம் அவளே ஸாரி சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அவன் அடித்தபோது 'இவன் யார் என்னை அடிக்க' என்று அவளுக்குத் தோன்றவில்லை, 'நான் என்ன தப்பு செய்தேன்' என்றுதான் தோன்றியிருக்கிறது, அதைக் கற்றுக்கொடுத்தது அந்தப் பையன் இல்லை, பள்ளியும் இல்லை.

கடுமையாகச் சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. கைநீட்டுகிறவர் உங்கள் கணவர், அந்தக் குற்றம் அவருடையது. ஆனால் கைநீட்டுவதற்குக் 'கோபக்காரர்', 'மனசு தங்கம்' என்றெல்லாம் பேர் வைத்து மகளிடம் கொடுப்பது நாம்தானே? குடும்பம் என்றால் எனக்கு உயிர். புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போ என்று லேசில் யாருக்கும் நான் சொன்னதில்லை. ஆனால் பிள்ளை பயந்து ஓடுகிற வீட்டைக் கட்டிக்காப்பது தாயின் கடமை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். வீட்டு விஷயத்தை எதற்குப் பள்ளியில் பேச வேண்டும் என்கிறார்கள். வேறு எங்கே பேசுவது? உங்கள் வீட்டு கேட்டுக்கு உள்ளே எந்த அதிகாரி வந்தார், எந்தச் சொந்தக்காரர் கேட்டார்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். 40 பிள்ளைகள் உட்காரும் ஒரு வகுப்பறையில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுக் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உங்கள் மகளை அறைந்தவனும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவனாக இருக்கலாம். அவன் செய்தது தப்புதான், கண்டிக்க வேண்டும், அவன் பெற்றோரைக் கூப்பிட வேண்டும், அவள் பக்கத்தில் வரவே கூடாது என்று எழுதி வாங்க வேண்டும். அதோடு நிறுத்திவிட்டால் அடுத்த வருடம் வேறொரு பெண்ணை அறைவான், பத்து வருடம் கழித்து மனைவியை.

அதனால் எதிர்க்காதீர்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்குப் போய், இந்த வகுப்பு வேண்டும் என்று முதல் ஆளாகச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவதற்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. ஒரு நாள் யாரையாவது கூட்டி வந்து, பேனர் கட்டி, போட்டோ எடுத்துவிட்டுப் போகிற கதையாக இது ஆகிவிடக் கூடாது, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அதில் ஏறக்குறைய பாதிப் பள்ளிகளில் 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆண் பெண் சமத்துவம் பற்றி இரண்டரை வருடம் தொடர்ந்து பேசினார்கள். பையன்களின் பேச்சும் எண்ணமும் மாறின, வீட்டு வேலையில் கைகொடுப்பதும் கூடியதாக அவர்களே சொன்னார்கள். வகுப்புகள் நின்று இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் இருந்தது. இரண்டரை வருடம் என்பதைக் கவனியுங்கள். அப்புறம் இன்னொன்றும் கேளுங்கள்: ஒரு பிள்ளை எழுந்து 'எங்க அப்பா அம்மாவ அடிக்கிறார் டீச்சர்' என்று சொன்னால் அந்த டீச்சர் அடுத்து என்ன செய்வார்? அந்தப் பெயர் ஸ்டாஃப் ரூமில் சுற்றக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் போன் செய்வது, பிள்ளையை எங்கே உட்கார வைத்துப் பேசுவது, இதெல்லாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

டி.சி. வேண்டாம். அடித்தவன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், அடிவாங்கினவள் பாதி வருடத்தில் பள்ளி மாற வேண்டுமா? மாற்றினால் காரணம் என்ன என்று அவள் அப்பா கேட்பார், காரணம் தெரிந்தால் படிப்பே நிற்கும், படிப்பு நின்றால் அடுத்தது மாப்பிள்ளை. இந்த வரிசையும் நான் நிறையப் பார்த்ததுதான். பஸ்ஸில் அந்தப் பையன் வருகிறான் என்றால் கொஞ்ச நாள் தோழிகளோடு சேர்ந்து போகட்டும், அதைத் தலைமையாசிரியையிடம் பேசி ஏற்பாடு செய்யுங்கள். அவளிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். போனில் போட்டோ ஏதும் வைத்துக்கொண்டு மிரட்டுகிறானா, வேறு ஏதாவது நடந்ததா என்று திட்டாமல் கேளுங்கள். ஆம் என்றால் மறைக்காதீர்கள், 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் போக்சோ சட்டம் இருக்கிறது. 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், பிள்ளைகளே கூப்பிட்டுப் பேசலாம்.

உங்களுக்கும் ஒரு எண், பெண்கள் உதவி எண் 181. இதற்குப் புருஷனை விட்டுப் போக வேண்டியதில்லை, ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியதும் இல்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, அதே வீட்டில் இருந்துகொண்டே 'இனி அடிக்கக் கூடாது' என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம், வீட்டைவிட்டு உங்களை வெளியேற்ற முடியாது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார், மனு எழுத அவரே உதவுவார். இன்றே போங்கள் என்று சொல்லவில்லை. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போனில் பதிந்தால் பார்த்துவிடுவார்.

மகளிடம் நாளைக்கே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அறைந்ததற்கு அவள் ஸாரி சொன்னது உங்களுக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். அவள் தலையைக் குனிவாள். அப்போது, 'நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன், என்னைப் பார்த்துத்தான் நீ கத்துக்கிட்டே' என்று சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.