ஜென் என்ற மென்பொருள் உருவாக்கும் கருவியில் டயலாக் டிசைன் (திரைகளுக்கு இடையேயான போக்கை வடிவமைத்தல்) கேள்வி-பதில்: லிங்க் எங்கே, டிரான்ஸ்ஃபர் எங்கே?

கே: ஒரு புரொசீஜரிலிருந்து (ஒரு திரையும் அதன் வேலையும் அடங்கிய பகுதி) இன்னொன்றுக்குச் செல்ல லிங்க் போடுவதா, டிரான்ஸ்ஃபர் போடுவதா?

ப: வேலை முடிந்ததும் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டுமானால் லிங்க், வேண்டாமானால் டிரான்ஸ்ஃபர்.

கே: ஆர்டர் திரையிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலுக்குச் சென்று திரும்பினால், உள்ளிட்ட ஆர்டர் வரிகள் காணாமல் போகின்றன. ஏன்?

ப: எந்த வகை ஃப்ளோ (லிங்க்கா, டிரான்ஸ்ஃபரா) என்பதைக் கூட எழுதாமல் காரணம் கேட்கிறீர்கள். ஆனாலும் ஊகிக்க முடிகிறது: போக ஒரு டிரான்ஸ்ஃபர், வர ஒரு டிரான்ஸ்ஃபர் போட்டிருப்பீர்கள். இந்தக் கருவி ஐ.இ.எஃப். என்றிருந்த காலத்திலிருந்து, அது ஜென் என்று பெயர் மாறிய பின்னும், நான் சலிக்காமல் கண்டித்துவரும் பழக்கம் இது. டிரான்ஸ்ஃபரில் கிளம்பிய புரொசீஜரின் வியூக்களை (அது கையில் வைத்திருக்கும் தரவுகளை) யாரும் காத்து வைப்பதில்லை. ஆகவே அந்த ஆர்டர் வரிகளையும் காப்பாற்ற, அவற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பட்டியல் புரொசீஜரின் இம்போர்ட் (உள்ளே வரும்), எக்ஸ்போர்ட் (வெளியே போகும்) வியூக்களில் அவற்றைச் சுமக்க வைக்கிறார்கள். நாளை பில் திரையும் அதே பட்டியலை அழைத்தால், பில் வரிகளும் அதன் தலையில் ஏறும். லிங்க் போட்டால் அழைத்த புரொசீஜரின் வியூக்கள் சேமிக்கப்பட்டு, திரும்பும்போது அப்படியே மீண்டும் கிடைக்கும். பட்டியல் புரொசீஜர் வாடிக்கையாளர் எண்ணையும் பெயரையும் மட்டும் எக்ஸ்போர்ட் செய்தால் போதும். வியூ மேப்பிங்கை, அதாவது எந்த வியூ எதில் போய்ச் சேரும் என்ற இணைப்பை, சரிபார்த்த பிறகே கோடில் கை வையுங்கள்.

கே: லிங்க்தான் போட்டிருக்கிறேன். பட்டியலில் எதையும் தேர்ந்தெடுக்காமல் ரத்து செய்தாலும், முன்பிருந்த வாடிக்கையாளர் பெயர் அழிந்துவிடுகிறது.

ப: ரத்து செய்து திரும்பும்போதும் அதே மேப்பிங்தான் நடக்கிறது, காலியான எக்ஸ்போர்ட் வியூ வந்து பழைய மதிப்பின் மேல் விழுகிறது. போகும்போதே தற்போதைய வாடிக்கையாளரை அனுப்புங்கள். ரத்தானால் அதையே மாற்றாமல் திருப்பித் தரச் செய்யுங்கள். மறுபடியும் சொல்கிறேன், முதலில் மேப்பிங்.

கே: ஒரு ஃப்ளோவில் டிஸ்பிளே ஃபர்ஸ்ட்டா (முதலில் திரையைக் காட்டுவது), எக்ஸிக்யூட் ஃபர்ஸ்ட்டா (முதலில் கோடை ஓட்டுவது)?

ப: திறக்கும்போதே டேட்டாபேஸிலிருந்து நிரம்ப வேண்டிய திரைக்கு எக்ஸிக்யூட் ஃபர்ஸ்ட், பயனர் முதலில் எதையாவது உள்ளிட வேண்டிய திரைக்கு டிஸ்பிளே ஃபர்ஸ்ட். முன்னதில் எந்தக் கமாண்டுடன் அனுப்புகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள்.

கே: எக்ஸிட் ஸ்டேட்டை (புரொசீஜர் எப்படி முடிந்தது என்று சொல்லி ஃப்ளோவைத் தூண்டும் மதிப்பு) சரியாகவே வைத்திருக்கிறேன், ஆனாலும் ஃப்ளோ நடக்கவில்லை. மென்பொருளில் பிழையா?

ப: இல்லை. கடைசியாக வைக்கப்பட்ட எக்ஸிட் ஸ்டேட்தான் செல்லும். நீங்கள் வைத்த பிறகு, யூஸ் என்ற கட்டளையால் அழைத்த, தனியாக எழுதிய கோடுப் பகுதியான ஏதோ ஒரு ஆக்‌ஷன் பிளாக் அதன் மேல் வேறொன்றை எழுதியிருக்கும். டிரேஸ் (வரி வரியாக ஓட்டிப் பார்க்கும் வசதி) போட்டு அந்த வரியைப் பிடியுங்கள்.