ஜூலியட் கேட்ட ஒரு வார்த்தை

அன்புள்ள சார்,

இந்தப் பருவத்தில் எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகம் பாடம். இரண்டு குடும்பங்களின் பகைதான் அந்தப் பிள்ளைகளைக் கொன்றது என்றார் பேராசிரியர். நாலு நாள் பழக்கத்துக்குச் சாவா என்று வகுப்பில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஜூலியட்டின் அப்பா எனக்குக் கொடுமைக்காரராகத் தெரியவில்லை. "எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு மாணவி)

அன்புள்ள மாணவிக்கு,

மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். ஜூலியட் மண்டியிட்டு, "பொறுமையாக ஒரு வார்த்தை கேளுங்கள் அப்பா" என்றுதான் கெஞ்சுகிறாள். பேசாதே, பதில் சொல்லாதே, என் விரல்கள் துடிக்கின்றன என்கிறார் அப்பா கேப்புலட். அடிக்கக் கை பரபரக்கிறது என்று பொருள். அவள் சொல்ல வந்தது நீங்கள் நினைக்கும் அதே வார்த்தையா என்பதை ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை என்பதை மட்டும் காட்டுகிறார்.

அந்த அப்பாவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. விருந்துக்கு முகமூடியோடு வந்த ரோமியோவை அடையாளம் கண்டு ஜூலியட்டின் அத்தான் டிபால்ட் வாளைக் கேட்கும்போது, விடு, ஊரே அவனை நல்ல பிள்ளை என்கிறது என்று தடுப்பவர் கேப்புலட்தான். பாரிஸ் என்ற பிரபு முதலில் பெண் கேட்டு வரும்போதும் அவர் அவசரப்படவில்லை. அவளுக்குப் பதினான்குகூட ஆகவில்லை, இன்னும் இரண்டு கோடை போகட்டும், முதலில் அவள் மனசைப் பிடி, அவள் சம்மதம்தான் பெரிது என்கிறார். இன்றைக்கும் எத்தனை வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்?

அந்த மனிதர் ஒரே நாளில் மாறுகிறார். திங்கட்கிழமை மதியம் ரோமியோவும் ஜூலியட்டும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தெருச் சண்டையில் டிபால்ட் சாகிறான். கொன்றது ரோமியோ. பெண் அழுது தீர்க்கிறாள். செத்துப்போன அத்தானுக்காக அழுகிறாள் என்று வீடே நினைக்கிறது. அன்று இரவே கேப்புலட் பாரிஸிடம் நாள் குறிக்கிறார். இன்று என்ன கிழமை? திங்களா? புதன் ரொம்பச் சீக்கிரம், சரி, வியாழன் வைத்துக்கொள்வோம். துக்க வீடு, ஆரவாரம் வேண்டாம், ஐந்தாறு நண்பர்கள் போதும். பெண்ணைக் கேட்கவே இல்லை. அதே இரவு மாடியில் அவள் தன் கணவனோடு இருக்கிறாள்.

எனக்கு இந்த இடம்தான் நாடகத்தின் நடு முள். அப்பாவின் கணக்கில் அந்தக் கல்யாணம் அவள் அழுகைக்கு மருந்து. மறுநாள் காலை அவர் உள்ளே வரும்போதுகூட, இந்தச் சின்ன உடம்புக்குள் கடல், படகு, காற்று மூன்றும் இருக்கிறதே என்று செல்லமாகத்தான் ஆரம்பிக்கிறார். வேண்டாம் என்று அவள் சொன்னதும், தெருவில் பிச்சையெடு, பட்டினி கிட, செத்துப்போ என்கிறார். நல்லது செய்ய வந்தவரின் கோபம் இது. வில்லனின் கோபத்தைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

சரி, அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே? சில நிமிடங்களுக்கு முன்னால்தான், டிபால்ட்டைக் கொன்றதற்காக நாடு கடத்தப்பட்ட ரோமியோ போகும் மாண்டுவா நகருக்கு ஆள் அனுப்பி அவனுக்கு விஷம் வைப்பேன் என்று சொல்லியிருக்கிறாள் அந்த அம்மா. கடைசியில், என்னிடம் பேசாதே, என்னவோ செய்துகொள் என்று போய்விடுகிறாள். மிச்சம், பால் கொடுத்து வளர்த்த செவிலி. தூது போனவள், நூலேணி கொண்டுவந்தவள். கேப்புலட்டையே எதிர்த்து, இப்படித் திட்டுவது தப்பு என்று சொன்ன ஒரே ஆள். அவளும் பெற்றவர்கள் நகர்ந்ததும், பாரிஸையே கட்டிக்கொள், அவனுக்கு முன்னால் ரோமியோ வெறும் கரித்துணி என்கிறாள். அதற்கு அப்புறம் ஜூலியட் அந்த வீட்டில் யாரிடமும் உண்மை பேசுவதில்லை.

உங்கள் வகுப்பில் சிரித்தவர்களுக்குப் பழைய துணை உண்டு. ஷேக்ஸ்பியருக்கு மூலமான ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கவிதையின் முன்னுரை, பெற்றோர் பேச்சைக் கேட்காததால் வந்த வினை என்று காதலர்களைத்தான் சாடுகிறது. அதில் ஜூலியட்டுக்குப் பதினாறு வயது, கதை மாதக்கணக்கில் நகரும். ஷேக்ஸ்பியர் வயதைப் பதின்மூன்றாக இறக்கி, மாதங்களைச் சில நாட்களாக ஒடுக்கினார். அவசரம் பிள்ளைகளுடையது மட்டும்தானா என்று கேட்க வைக்கிறார்.

செவ்வாய்க்கிழமை அவள் பொய்யாக மன்னிப்புக் கேட்கிறாள். கேப்புலட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கல்யாணத்தை ஒரு நாள் முன்னால் இழுத்துப் புதன் காலைக்கே வைத்துவிடுகிறார். இந்தக் கல்யாணத்திலிருந்து தப்ப, நாற்பத்திரண்டு மணி நேரம் பிணம்போல் கிடக்க வைக்கும் மருந்தைப் புதன் இரவு குடிக்கக் கொடுத்திருந்தார், ரகசியக் கல்யாணத்தை நடத்திவைத்த துறவி லாரன்ஸ். அதைச் செவ்வாய் இரவே குடிக்க வேண்டியதாகிறது. இது பொய்ச் சாவு என்று ரோமியோவுக்குச் செய்தி போய்ச்சேர இருந்த அவகாசத்தில் ஒரு நாள் போயிற்று. கடிதம் கொண்டுபோனவரும் கொள்ளைநோய் பயத்தில் வீட்டோடு பூட்டப்படுகிறார்.

ஐந்தாறு பேர் போதும் என்ற கேப்புலட் இப்போது இருபது சமையல்காரர்களைப் பிடித்துவரச் சொல்கிறார். இன்றைக்கு நானே வீட்டுக்காரி என்று இரவெல்லாம் தூங்காமல், விறகு வந்ததா, பணியாரம் வெந்ததா, செலவைப் பார்க்காதீர்கள் என்று அலைகிறார். விடிந்ததும் மாடியில் பெண் 'பிணமாக'க் கிடக்கிறாள். கல்யாணத்துக்கு வாசிக்க வந்த கலைஞர்கள் குழலை உறையில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வேடிக்கையாகப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். மேடையில் பல சமயம் இந்தத் துண்டை வெட்டிவிடுவார்கள். துக்கத்துக்கு ஆட்கள் வருவார்கள், இருந்து சாப்பிட்டுவிட்டே போகலாம் என்று உள்ளே போகிறார்கள். சமைத்தது எல்லாம் இருக்கிறதே.