தண்டவாளத்துக்கு ஏன் சூடு போடுறாங்க?

கேள்வி: சிகாகோவுல குளிர்காலத்துல தண்டவாளத்துக்கு தீ வைக்கிற வீடியோ பார்த்தேன், அது நிஜமா? ஜெர்மனி மாதிரி நாடுகள்ல இதையே கரண்ட்ல, ஆட்டோமேட்டிக்கா பண்றாங்களாமே, அப்படி இருந்தும் ஸ்னோ விழுந்தா ரயில் ஏன் லேட் ஆகுது?

வீடியோ நிஜம்தாங்க. ஆனா எரியறது தண்டவாளம் இல்ல. சிகாகோ லோக்கல் ரயில் ஓட்டுற மெட்ரா கம்பெனி, சில ஜங்ஷன்ல தண்டவாளத்தை ஒட்டி கேஸ் பைப் போட்டு வச்சிருக்காங்க, அதுல வரிசையா பர்னர். 2019 ஜனவரி கடைசியில அங்க மைனஸ் 30 டிகிரி வரைக்கும் போச்சு, அப்போ எடுத்த படம்தான் இன்னைக்கும் வாட்ஸப்ல சுத்திட்டு இருக்கு. குளிர்ல தண்டவாளம் சுருங்கி ஜாயின்ட்ல விட்டுப்போனா, எண்ணெயில நனைச்ச கயிறை பக்கத்துல எரிச்சு சூடேத்தி நீட்டி, மறுபடி சேர்க்கறதும் உண்டு, அது வேற வேலை. ரெண்டையும் கலந்து "அமெரிக்காவுல தண்டவாளத்தையே கொளுத்துறான்"னு ஃபார்வர்ட் பண்றாங்க. அதே மெட்ராவுலயே கரண்ட் ஹீட்டரும் இருக்கு, சூடான காத்தை ஊதற மெஷினும் இருக்கு.

நான் ஊர்ல இருந்தப்போ சிக்னல் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன், இப்போ ஜெர்மனியில இந்த ஹீட்டருக்கு கண்ட்ரோல் பேனல் செய்யற இடத்துல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல சூடு எங்க வேணும்? தண்டவாளம் முழுக்க யாரும் சூடேத்தறது கிடையாது, நேர் லைன்ல ஸ்னோ கிடந்தா ரயில் பாட்டுக்கு தள்ளிட்டு போயிடும். சிக்கல் எல்லாம் பாயிண்ட்லதான், அதாவது ஒரு லைன்லேர்ந்து இன்னொரு லைனுக்கு ரயிலை திருப்பி விடற இடம். அங்க நகராம நிக்கிற தண்டவாளம் ஸ்டாக் ரயில், கத்தி மாதிரி சீவி நகர்ற தண்டவாளத் துண்டு டங் ரயில் (இந்த ரெண்டு பேர்லயும் ரயில்னா தண்டவாளம், வண்டி இல்ல). மோட்டார் இந்த டங் ரயிலை இழுத்துக் கொண்டுபோய் ஸ்டாக் ரயிலோட ஒட்ட வைக்கும், ஒட்டினதும் லாக் விழும், லாக் விழுந்து, சரியா ஒட்டிடுச்சுன்னு தகவல் (டிடெக்ஷன்) வந்தாத்தான் ரயில் போக சிக்னல் கிடைக்கும். நம்ம ரயில்வேல இதுக்கு ஒரு டெஸ்ட் உண்டு, ரெண்டுக்கும் நடுவுல 5 மில்லிமீட்டர் தகடை வச்சு பாயிண்ட்டை ஆபரேட் பண்ணணும், லாக் விழக்கூடாது, விழுந்தா அந்த பாயிண்ட் செட்டிங் தப்பு. யோசிச்சுப் பாருங்க, 5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே சிஸ்டம் "முடியாது"ன்னு நின்னுடணும், ஏன்னா அந்த சந்துல சக்கரத்தோட விளிம்பு பூந்துச்சுன்னா பெட்டி தடம் புரண்டுடும். இப்போ அந்த இடத்துல ரெண்டு விரல் கனத்துக்கு ஸ்னோ நிக்குதுன்னு வைங்க, டங் ரயில் வந்து அதை நசுக்கும், நசுங்கின ஸ்னோ ஐஸ் ஆகும், ஐஸ் நசுங்காது, மோட்டார் கொஞ்ச நேரம் முக்கிட்டு கட் ஆயிடும். பேனல்ல பாயிண்ட் ஃபெயிலியர்னு காட்டும். ஆக ரயில் நிக்கிறது சிஸ்டம் கெட்டுப்போனதால இல்ல, சரியா வேலை செய்யறதால.

இது போக டங் ரயில் வழுக்கி நகர்ற ஸ்லைடு சேர் மேல தண்ணி உறைஞ்சு ரெண்டும் ஒட்டிக்கிறதும் உண்டு, மோட்டார்லேர்ந்து வர்ற ராடு ஜல்லிக்கு நடுவுல ஐஸ்ல புதைஞ்சு போறதும் உண்டு.

இப்போ ஹீட்டர். பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும், வாட்டர் ஹீட்டர் காயிலை நீட்டி தட்டையா அடிச்ச மாதிரி. உள்ள ரெசிஸ்டன்ஸ் கம்பி, அதைச் சுத்தி மெக்னீசியம் ஆக்சைடு பவுடர், வெளியில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை. இதை ஸ்டாக் ரயிலோட அடிப்பக்கத்துல கிளிப் போட்டு இறுக்கி வைப்பாங்க. மீட்டருக்கு 200 லேர்ந்து 500 வாட் வரைக்கும் இருக்கும், இடத்தோட குளிரைப் பொறுத்து. சாதாரண பாயிண்ட் ஒண்ணுக்கு மொத்தமா 10 கிலோவாட் பக்கம் வரும்னு வச்சுக்கலாம். ஹை ஸ்பீடு லைன்ல இருக்கற நீளமான பாயிண்ட்னா கதையே வேற, ஜெர்மனியில பிட்டர்ஃபெல்ட் பக்கத்துல 169 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாயிண்ட் இருக்கு, 200 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல லைன் மாறலாம், அந்த நீளத்துக்கு மோட்டாரும் பல, ஹீட்டரும் அதுக்கேத்த மாதிரி.

கரண்ட் எங்கேர்ந்து? இங்க எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இதுதான், பல இடத்துல இன்ஜினுக்கு வர்ற மேல் ஒயர்லேர்ந்தே எடுத்துடறாங்க. ஜெர்மனியில மேல் ஒயர் 15 ஆயிரம் வோல்ட், 16.7 ஹெர்ட்ஸ், அதை லைன் ஓரத்து கம்பத்துல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வச்சு 230 வோல்ட் பக்கம் இறக்கி ஹீட்டருக்கு கொடுத்தா ஹீட்டருக்கு என்ன கவலை, அது ரெசிஸ்டன்ஸ்தானே, எந்த ஹெர்ட்ஸா இருந்தாலும் சூடாகும். ஊருக்குள்ளேர்ந்து தனியா கேபிள் இழுக்கற செலவு மிச்சம். ஆனா லைன்ல ரயில் நிக்குதான்னு கண்டுபிடிக்கற டிராக் சர்க்யூட்டும் அதே தண்டவாளத்துலதான் ஓடுதுங்கறதை மறக்கக்கூடாது, இன்சுலேஷன் போச்சுன்னா சிக்னலுக்கே தலைவலி, அதனால ஐசொலேஷன், எர்த்திங் எல்லாம் ஒழுங்கா பார்க்கணும்.

சரி, 10 கிலோவாட் போதுமா? ஒரு சின்ன கணக்கு. ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் வேணும். 10 கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினா 36 ஆயிரம் கிலோஜூல், ஏட்டுல பார்த்தா 100 கிலோவுக்கு மேல உருகணும். நிஜத்துல அந்த சூட்டுல பெரும் பங்கு காத்துக்கும் ஜல்லிக்கும் கீழ இருக்கற கட்டைக்கும் போயிடும், தண்டவாளம்ங்கறது நல்ல கனமான இரும்பு, அது சூடாகவே அரை மணி நேரம் மேல ஆகும். புதுசா விழற ஸ்னோ லேசானது, ஒரு சதுர மீட்டர்ல 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு விழுந்தா சுமார் 10 கிலோதான், அதனால விழ விழ உருக்கிட்டே இருந்தா ஹீட்டர் ஜெயிச்சுடும். விழுந்து குவிஞ்சப்புறம் ஆன் பண்ணினா தோத்துடும்.

இந்த விஷயத்துல வாட் எவ்வளவுங்கறதை விட எப்போ ஆன் பண்றதுங்கறதுதான் பெருசு. கேக்கறவங்க எல்லாரும் ஹீட்டரைப் பத்தியே கேக்கறாங்க, எனக்கு கேட்டா ஹீட்டர் ஒரு மண்டு, புத்தி எல்லாம் கம்பத்துல இருக்கற கண்ட்ரோலர் பெட்டியிலதான்.

அந்தக் காலத்துல ஸ்டேஷன்லேர்ந்து ஒரு ஆள் சுவிட்சைப் போடுவார், சிலர் நவம்பர்ல போட்டுட்டு மார்ச்சுல அணைப்பாங்க, மீட்டர் கிறுகிறுன்னு சுத்தும். இப்போ அப்படி இல்ல. ஹீட்டர் இல்லாத தண்டவாளத் துண்டுல ஒரு டெம்பரேச்சர் சென்சார், சூடேத்தற தண்டவாளத்துல இன்னொண்ணு. முதலாவது "வெளியில இரும்பு எவ்வளவு சில்லுன்னு இருக்கு"ன்னு சொல்லும், ரெண்டாவது "போதும், அணை"ன்னு சொல்லும். கூடவே ஸ்னோ சென்சார் ஒண்ணு, அது ஒரு குட்டித் தகடு, லேசா சூடா இருக்கும், மேல ஸ்னோ விழுந்தா உருகித் தண்ணியாகும், தண்ணி ரெண்டு எலெக்ட்ரோடையும் சேர்க்கும், கண்ட்ரோலருக்கு "விழுது"ன்னு தெரிஞ்சுடும். இரும்பு ரெண்டு மூணு டிகிரிக்கு கீழ இருக்கணும், ஈரமும் விழணும், ரெண்டும் சேர்ந்தாத்தான் ஹீட்டர் ஆன். வெறும் காய்ஞ்ச குளிர், வானம் பளிச்சுன்னு மைனஸ் 10னா சூடு தேவையே இல்ல, உறையறதுக்கு தண்ணி வேணுமே.

படிக்க சுலபமா இருக்கா? மாட்டறப்பதான் கஷ்டம் தெரியும். சென்சாரை ஸ்டேஷன் கூரைக்கு கீழ வச்சா அதுமேல ஸ்னோவே விழாது. சுவரோரம் காத்து படாம இருந்தா சூடு கூட காட்டும். முக்கியமா, ஸ்னோ விழறது நின்னப்புறமும் காத்து அடிச்சா கீழ கிடக்கற பொடி கிளம்பி வந்து பாயிண்டை நிரப்பும், மேல பார்த்துட்டு இருக்கற தகட்டுக்கு அது தெரியாது. அதனால காத்து அதிகமா அடிக்கற இடத்துல தரையோட பறக்கற ஸ்னோவைப் பிடிக்க தனி சென்சார் வைப்பாங்க. நல்ல கண்ட்ரோலர்ல இன்னொரு விஷயமும் இருக்கும், சென்சார் செத்துப்போச்சுன்னா ஹீட்டர் ஆன் ஆகிடணும், ஆஃப் ஆகக்கூடாது. கரண்ட் வீணானா பில்லோட போச்சு, பாயிண்ட் உறைஞ்சா ரயில் நிக்கும்.

இப்போ வானிலை ஃபோர்காஸ்ட்டையும் இதுல இணைக்கிறாங்க, ஸ்னோ வர்றதுக்கு ஒரு மணி முன்னாடியே இரும்பை சூடேத்தி வைக்கலாம். ஒரே யார்டுல 40 பாயிண்ட் இருந்தா 400 கிலோவாட், எல்லாத்தையும் ஒரே நொடியில போட்டா சப்ளை தாங்காது, அதனால கும்பல் கும்பலா ஆன் பண்ணும். ஒவ்வொரு ஹீட்டரும் எவ்வளவு ஆம்பியர் இழுக்குதுன்னு பார்த்து, குறைஞ்சா "இந்த கம்பி அறுந்து போச்சு"ன்னு கண்ட்ரோல் ரூமுக்கு மெசேஜ் போகும். இந்த ஆம்பியர் கணக்கை செப்டம்பர் அக்டோபர்லயே எடுத்துடணும், ஜனவரியில கண்டுபிடிச்சா கையுறையோட ஸ்பேனர் பிடிச்சு மாத்தணும், அந்த வேலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு இருந்தும் ஏன் லேட்னா, ஜெர்மனியில 60 ஆயிரத்துக்கு மேல பாயிண்ட் இருக்கு, அதுல முக்கால்வாசி அளவுக்குத்தான் ஹீட்டர், மீதி அதிகம் பயன்படாத லைன்ல இருக்கு. ஹீட்டர் இருக்கற பாயிண்டுக்கும் எமன் மேலேர்ந்து வரும், எப்படின்னா, வேகமா வர்ற ரயிலோட அடியில ஸ்னோ ஒட்டி உறைஞ்சு பாறை மாதிரி ஆகும், பாயிண்ட் மேல சக்கரம் தடதடன்னு குலுங்கறப்போ அது சரியா அங்கேயே கழண்டு விழும். 20 கிலோ கட்டி ஒண்ணு டங் ரயிலுக்கும் ஸ்டாக் ரயிலுக்கும் நடுவுல விழுந்தா, இரும்பைத் தொட்டுட்டு இருக்கற ஓரம் மட்டும் உருகும், மீதி நிதானமா உக்காந்திருக்கும். மோட்டார் ரெண்டு தரம் முயற்சி பண்ணும், அப்புறம் ஒரு ஆள் கடப்பாரை, விளக்குமாறோட போய்த்தான் ஆகணும். அந்த ஆளுங்க எத்தனை பேர் இருக்காங்க, ரோட்டுலயும் ஸ்னோ இருக்கறப்போ எவ்வளவு நேரத்துல வந்து சேருவாங்கங்கறதுலதான் அன்னைக்கு டைம்டேபிள் தொங்கிட்டு இருக்கும். உருகின தண்ணி வடியறதுக்கு வழி இல்லன்னா கீழ போய் ராடு பக்கம் மறுபடி உறையும், சூடு போட்டவன் தலையிலேயே அது விடியும். 2021 பிப்ரவரி 7, ஞாயித்துக்கிழமை, பனிப்புயல் அடிச்சப்போ நெதர்லாந்துல என்எஸ் கம்பெனி ரயிலே ஓட்டல, அங்கயும் பாயிண்ட் ஹீட்டருக்கு பஞ்சம் கிடையாது.

ஜப்பான்காரங்க வழி வேற. ஜோயெட்சு ஷிங்கான்சென்ங்கற புல்லட் ரயில் லைனை 1982 ல திறந்தப்பவே லைன் ஓரமா வெதுவெதுப்பான தண்ணியைத் தெளிக்க ஸ்பிரிங்க்ளர் வச்சுட்டாங்க, அங்க விழறது ஈரமான கன ஸ்னோ, தண்ணி சரிப்பட்டு வரும், இதையே மைனஸ் 25 ல பண்ணினா ஐஸ் மைதானம்தான். டோக்கியோ பக்கம் எப்பவாவது ஸ்னோ விழற ஊர்ல பாயிண்டுக்கு கீழ மண்ணெண்ணெய் விளக்கு ஏத்தி வைக்கற பழக்கம் இருந்திருக்கு, வருஷத்துல ரெண்டு நாளைக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணுவானேன்னு, எனக்கு அதுல தப்பே தெரியல.

கரண்ட் செலவு எவ்வளவுன்னு கமெண்ட்ல கேப்பீங்க, 10 கிலோவாட் பாயிண்ட் ஒரு வருஷத்துல 600 மணி நேரம் ஓடினா 6000 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் எரியற நம்மூர் வீடு ரெண்டரையோட ஒரு வருஷ இபி கணக்கு, ஒரே ஒரு பாயிண்டுக்கு. அதனாலதான் கண்ட்ரோலரை புத்திசாலி ஆக்கறதுல இவ்வளவு மெனக்கெடறாங்க, பூமிக்கு அடியில இருக்கற சூட்டை குழாய் வழியா மேல கொண்டுவந்து பாயிண்டை சூடேத்தறதையும் ஜெர்மனியில டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்காங்க, குழாய்க்குள்ள கார்பன் டை ஆக்சைடு ஆவியாகித் தானா மேல வரும், பம்ப் வேண்டாம், ஆனா ஒவ்வொரு பாயிண்டுக்கும் துளை போடற செலவு இருக்கே.

நம்ம நாட்டுல இந்தப் பேச்சு காஷ்மீர் லைனுக்குத்தான் பொருந்தும், பனிஹால் பாராமுல்லா பக்கம் நல்லாவே ஸ்னோ விழும், லைனை சுத்தம் பண்ண ஸ்னோ தள்ளற வண்டி ஓட்டறாங்க. ஆனா வண்டி தள்ளறது லைன்ல கிடக்கறதைத்தான், டங் ரயில் சந்துல போய் உக்காந்த ஸ்னோவை அது எடுக்காது, அதுக்கு சூடு வேணும், இல்லன்னா ஆள் வேணும்.