காசு கேள்வி – பதில்: ஏதென்ஸின் சின்ன ஆந்தைகள்

கே: ஏலத்தில் ஒரு சிறு வெள்ளிக் காசு வாங்கினேன். ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த பெண், மறுபக்கம் ஆந்தை. எடை 0.68 கிராம். பழைய ஏதென்ஸ் காசு என்கிறார் விற்றவர். எந்த மதிப்புக் காசு இது?

ப: போலி இல்லையென்றால், ஓபோல். அந்தப் பெண், அதீனா தேவி. ஏதென்ஸின் அடிப்படை வெள்ளிக் காசான திராக்மா ஏறத்தாழ 4.3 கிராம். 6 ஓபோல் சேர்ந்தது ஒரு திராக்மா. ஆக, முழு எடை ஓபோல் 0.72 கிராம் நிற்கும். புழங்கித் தேய்ந்து, மண்ணில் அரித்துப்போனதால் 0.68 வருவது இயல்புதான். அரை ஓபோல் 0.36, கால் ஓபோல் 0.18.

எடையோடு உருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். 3 ஓபோல் காசில் ஆந்தை நேராக நம்மைப் பார்க்கும், இருபுறமும் ஒலிவக் கிளைகள் இருக்கும். 2 ஓபோல் காசில் ஒரே தலைக்கு இரண்டு உடல். கால் ஓபோலில் பிறை இருப்பதும் உண்டு. ஓபோலில் ஆந்தை பக்கவாட்டில் நின்று முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பியிருக்கும். அருகில் ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்ற மூன்று எழுத்துகள் வரும். அச்சு விலகி விழுந்திருந்தால் ஓரெழுத்து வெளியே போயிருக்கும். அதை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கே: உள்ளே செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு என்றால்? தண்ணீரில் அடர்த்தி பார்த்தால் தெரிந்துவிடுமா?

ப: நல்ல சந்தேகம். ஸ்பார்ட்டாவோடு நடந்த பெலோப்பொனேசியப் போரின் கடைசியில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஏதென்ஸே செம்பின்மேல் வெள்ளி பொதிந்து காசடித்தது. கள்ளக்காசும் புழங்கியது. அதனால் கி.மு. 375/4இல் நிகோஃபோன் என்பவர் கொண்டுவந்த சட்டப்படி, சந்தையில் உட்கார்ந்து காசு சோதிக்கும் அரசு அடிமை, செம்போ ஈயமோ உள்ளே இருந்தால் அங்கேயே குறுக்கே வெட்டிவிட வேண்டும்.

நகைக்கடைத் தராசு 0.01 கிராம்வரைதான் காட்டும் என்றால் அடர்த்திச் சோதனை வீண். உங்கள் காசு தூய வெள்ளியானால் விலக்கும் நீர் 0.065 கிராம். காசின் எடையை இந்த நீரின் எடையால் வகுத்தால் அடர்த்தி. தராசு 0.06 என்றால் அடர்த்தி 11.3, 0.07 என்றால் 9.7. இதை வைத்து எதைச் சொல்வது? 0.001 கிராம் காட்டும் தராசில், மெல்லிய நூலில் தொங்கவிட்டு நிறுத்தால், தூய வெள்ளிக்கு 10.3 முதல் 10.6க்குள் வரும். நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விடுங்கள். 2 மில்லிமீட்டர் காற்றுக்குமிழி ஒட்டினாலே 0.004 கிராம் பிசகும். விளிம்பிலும் வெடிப்பிலும் செம்பு நிறமோ பச்சையோ தெரிகிறதா என்று 10 மடங்கு லென்ஸில் பார்ப்பதை நான் இதைவிட நம்புவேன்.

கே: கறுப்பை எடுக்க விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். குத்துவிளக்கு தாங்கும், இது தாங்காது. பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கத் தயாராக இருக்கும். விரலால் அழுத்தினாலே உடைந்த காசுகள் உண்டு. புளி, எலுமிச்சையும் கூடாது. வாலை வடிநீரில் ஊறவைத்து, இளகிய மண்ணை மரப் பல்குச்சியால் எடுங்கள். அதற்கும் வராத கறுப்பு, காசோடு இருக்கட்டும். பி.வி.சி. உறையில் மட்டும் போடாதீர்கள், பச்சைப் பிசுக்கு ஏறும். மைலார் (பாலியெஸ்டர்) உறை போதும்.